இடது பக்கம் திரும்பத் தெரியாத மூன்று பேர்

மண்டியாவில் நாங்கள் கடைசியாக வரவில்லை. கடைசிக்கு முந்தின இடம். எங்களுக்குப் பின்னால் ஒருத்தர் வந்தார். அவருக்கு நடுவில் செயின் அறுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருந்தாலும் நம்மைவிட ரொம்பத் தூரத்தில் இல்லை என்று மேல்கோட்டைக்காரன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

இந்தப் பந்தயத்துக்கு கிரைட்டீரியம் என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ நுழைவுத் தேர்வு மாதிரி இருக்கும். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஊருக்குள் நாலைந்து தெருவை மூங்கில் கட்டி அடைத்துவிடுவார்கள். அதே தெருக்களை இருபது, முப்பது தடவை சுற்ற வேண்டும். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர் வந்தால் அதிகம். நேர் ரோட்டில் நன்றாக மிதிக்கிறவன் இதில் ஜெயிப்பதில்லை. திருப்பத்தில் பிரேக் பிடிக்காதவன்தான் ஜெயிப்பான். நாங்கள் திருப்பத்தில் பிரேக் பிடித்தோம். பிடித்தோம் என்ன, தொங்கினோம்.

நாங்கள் மூன்று பேர். அணி என்று சொல்வது மரியாதைக்கு.

ஒருத்தன் மேல்கோட்டைக்காரன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மைசூர்தான். குடும்பம் மேல்கோட்டைக் கோயில் குடும்பம். அவன் வீட்டில் பேசுகிற தமிழ் எங்கள் வீட்டுத் தமிழுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. ரசத்தைச் சாத்தமுது என்பான், சமையலைத் தளிகை என்பான். வாசற்படி தாண்டினால் சுத்தக் கன்னடம், எல்லாரையும் 'குரு'. பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மொட்டை மாடியில் சைக்கிளைப் பிரித்து மாட்டி, பிரித்து மாட்டிக்கொண்டிருந்தான்.

இன்னொருத்தன் கொள்ளேகால்காரன். ஹனூர் தாண்டி ஒரு கிராமம், பட்டுப்புழு வளர்க்கிற வீடு. பி.யூ.சி. முடித்துவிட்டு மைசூரில் ஒரு கிட்டங்கியில் மூட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடம் பேசினாலும் ஒரு 'ங்க' போடுவான். காலையில் பயிற்சிக்குப் போகும்போது நாய் துரத்தினால் அதற்கும், "போங்க, அக்கட்டாலெ போங்க." எங்கள் மூன்று பேரில் கால் என்று சொல்லத்தக்க கால் அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது நான். பி.எஸ்ஸி. கடைசி வருஷம். பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டு சைக்கிள் பத்திரிகை இரண்டு இதழ் கிடைத்து, இரண்டையும் மனப்பாடம் செய்திருந்தேன். அதனால் நான் கோச். இரண்டு இதழில் ஒன்றுக்கு அட்டை கிடையாது, இன்னொன்றில் முக்கியமான பக்கத்தில் யாரோ வடை மடித்திருந்தார்கள். அதற்குமேல் என் ஞானத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

அணிக்கு மேனேஜர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. என் அக்காவைப் பிடித்தோம். அக்கா ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் தப்பில்லாமல் திட்டுவாள். "கையெழுத்து போடறேன். அதுக்கு மேல ஒரு மண்ணும் செய்யமாட்டேன்" என்று சொல்லித்தான் போட்டாள்.

மண்டியாவிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். ஸ்ரீரங்கப்பட்டணம் பாலம் தாண்டியதும் கொள்ளேகால்காரன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். ஒரு சர்க்கார் இலாகாவில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. சைக்கிள் பந்தயமும் பட்டியலில் இருந்தது. மண்டல அளவில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சான்றிதழ் வேண்டும். மனு போடக் கடைசி நாள் மார்ச் முடிவு.

"அதுக்குள்ள இன்னொரு ரேஸ்தான் இருக்கு. நம்ம மைசூர் ரேஸ்" என்றேன்.

"தெரியுமுங்க. அப்பன் சொல்லிப்போட்டாரு. மார்ச்சுக்குள்ள வேலைக்கு ஒரு வழி ஆகலைன்னா வந்து புழுவுக்கு எலை போடுன்னு."

"போட்டா என்ன குரு? பட்டு ராஜ வியாபாரம்" என்றான் மேல்கோட்டைக்காரன்.

"ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க எங்கூட்ல. மழை பேயறாப்ல சத்தம் வரும். வெளில வந்து பாத்தா மழை இருக்காது. அத்தனையும் வாயி. ஆயிரக்கணக்குல வாயி. ஒண்ணுக்காச்சும் போதுமுன்னு சொல்லத் தெரியாதுங்க."

அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டு, அப்புறம் நிறுத்தினோம். அந்த பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. மைசூர் பந்தயத்தில் நானும் மேல்கோட்டைக்காரனும் எங்களுக்காக ஓட்டப் போவதில்லை. அவனுக்கு முன்னால் காற்றைத் தடுத்துக்கொண்டு ஓட்டி, அவனை இழுத்துப்போய் மூன்றாவது இடத்தில் இறக்கிவிட வேண்டும். முதல் இரண்டு இடத்தைப் பெங்களூர்க்காரர்கள் எப்படியும் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் எட்டுப் பேராக வருவார்கள், ஒரே நிற பனியனில், தனி வேனில். எங்களுக்கு அதிலெல்லாம் பொறாமை இல்லை. வேன் கொஞ்சம் பொறாமை.

"திருப்பம்தான். திருப்பத்துலதான் தோத்தோம்" என்று கோச் அறிவித்தார்.

மறுவாரமே இடம் பார்த்தோம். குவெம்பு நகர்ப் பக்கம் ஒரு சதுரப் பூங்கா, நான்கு பக்கமும் தார் ரோடு, நான்கு அருமையான முனைகள். காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சிக்காரர்களைத் தவிர ஒரு ஜீவன் இருக்காது. பூங்காவின் நடுவில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில்.

முதல் நாள் நான் முன்னால் புறப்பட்டு முதல் முனையில் இடது பக்கம் திரும்பினேன். இரண்டு பேரும் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் முனையிலேயே காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

"என்னடா?"

"அப்பிரதட்சிணம்" என்றான் மேல்கோட்டைக்காரன்.

"சைக்கிள்டா இது."

"தினம் அம்பது ரவுண்டு, பிள்ளையாரை இடது பக்கமா வெச்சுண்டு சுத்தறதா? எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா ஆத்துல தளிகை கிடையாது குரு."

அவன் எதற்கும் பயப்படுகிற ஆளில்லை. பரீட்சை, அப்பா, போலீஸ், எதையும் ஒரு பொருட்டாக மதிக்க மாட்டான். ஆனால் இதில் அசையவில்லை. நான் கொள்ளேகால்காரனைப் பார்த்தேன்.

"எனக்கு வேலை வேணுமுங்க. இந்த நேரத்துல பிள்ளையாரோட எதுக்கு வம்பு?"

நான் விஞ்ஞானம் பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நடைப்பயிற்சிப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் எதிரில் வந்தார்கள், வலமாக. "ஹீகே பன்னி, ஹீகே பன்னி" என்று கன்னடத்தில் இப்படி வரச் சொல்லி, கையைக் காட்டி என்னைத் திருப்பிவிட்டார்கள். அறிவியல் ஒன்றுக்குப் பத்து என்று தோற்றது. வலமாகவே சுற்றினோம்.

மூன்று மாதம். தினம் ஐம்பது சுற்று, ஒரு சுற்றுக்கு நான்கு திருப்பம். நான்கும் வலது.

சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகத் திரும்பினோம். முதல் வாரம் பிரேக், இரண்டாவது வாரம் அரை பிரேக், ஒரு மாதத்தில் பிரேக்கே கிடையாது. சைக்கிள் அப்படியே படுத்து எழும். பெரியவர்கள் எங்கள் சுற்றை எண்ண ஆரம்பித்தார்கள். நாற்பத்தெட்டில் நிறுத்தினால், "இன்னும் ரெண்டு இருக்கே" என்று விரட்டுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சகர் ஊறவைத்த பருப்பில் செய்த கோசம்பரி கொடுப்பார். இத்தனை சுற்று யாரும் பிள்ளையாரைச் சுற்றியதில்லை என்று அவருக்குப் பெருமை.

திருப்பத்திலும் மிதிப்பதை நிறுத்தாமல் போனால் இன்னும் வேகம் கிடைக்கும் என்று வடை பத்திரிகை சொன்னது. ஆனால் சைக்கிள் சாயும்போது உள்பக்கத்து பெடல் தரையில் உரசும். மேல்கோட்டைக்காரன் மொட்டை மாடியில் ஓர் அரம் எடுத்து, மூன்று சைக்கிளிலும் பெடலின் வெளி ஓரத்தைச் சாய்வாக ராவித் தள்ளினான். மூன்றிலும் வலது பெடல். அதற்கப்புறம் படுக்கப் போட்டு மிதித்தால்கூட உரசவில்லை. "இது பெங்களூர்க்காரனுக்கே தெரியாத டெக்னிக்" என்றேன் நான். உண்மைதான். அவர்களுக்குத் தெரியாது.

இடது பெடலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மண்டியாவில் எந்தப் பக்கம் சுற்றினோம் என்று இன்று கேட்டாலும் எங்களுக்குத் தெரியாது. கடைசியில் போகிறவனுக்கு முன்னால் போகிறவன் முதுகுதான் ஞாபகம் இருக்கும்.

மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. மைசூர் பந்தயம் சாமுண்டி மலைக்குக் கீழே ஒரு குடியிருப்பின் தெருக்களில். மூங்கில் கட்டி, திருப்பங்களில் உமி மூட்டை அடுக்கியிருந்தார்கள். தையல்காரர் தைத்த மஞ்சள் பனியனில் நாங்கள் மூன்று பேரும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாதிரி இருந்தோம். விசில் கழுத்தில் தொங்க, நடுவராக இருந்த பி.டி. மாஸ்டர், சுற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பெங்களூர்க்காரர்கள் எட்டுப் பேர் வரிசையாகப் புறப்பட்டு முதல் முனையில் திரும்பினார்கள்.

இடது பக்கம்.

நாங்கள் மூன்று பேரும் அந்த முனையிலேயே காலை ஊன்றிக்கொண்டு நின்றோம்.

"அப்பிரதட்சிணம்" என்றான் மேல்கோட்டைக்காரன், மெதுவாக.

ஏன் அப்படி என்று நான் பி.டி. மாஸ்டரைப் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனப்பா, நம்ம நாட்டுல வண்டி எந்தப் பக்கம் போகுது? இடது பக்கம் போறவன் இடது பக்கம் திரும்பறதுதானே சுலபம்? எல்லா ஊர்லயும் இப்படித்தான்."

புறப்பட இருபது நிமிஷம் இருந்தது. மேல்கோட்டைக்காரன் ஸ்பானரை எடுத்தான். ராவின வலது பெடலைக் கழற்றி இடது பக்கம் மாட்டிவிடலாம். கழற்றினான். மாட்டினான். ஏறவில்லை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். சைக்கிளை ஒரே ஒரு தடவை பிரித்தவனுக்கும் தெரியும் விஷயம்; இவன் நூறு தடவை பிரித்தவன். இருந்தும் மூன்று சைக்கிளிலும் முயற்சி பண்ணிப் பார்த்தான். மூன்றாவதில் ஏறிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"மூணு மாசம்" என்றாள்.

"ஆமா."

"மூணு பேருக்கும் தோணலை."

"இல்லை."

"நான் அந்த பேக்கரி பக்கம் போய் நிக்கறேன். உங்க கூட வந்தவன்னு தெரிய வேண்டாம்."

இருபத்தைந்து சுற்று. முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. இடது பக்கம் சாயச் சொன்னால் உடம்பு என்ன ஏது என்று விசாரிக்கிறது. கண் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். எல்லாரும் திருப்பத்தில் பத்தடி முன்னால் போவார்கள், நாங்கள் நேர் ரோட்டில் நுரை தள்ளப் பிடிப்போம், அடுத்த திருப்பம் வரும். பிள்ளையாரைத் திட்டினேன், மூன்று மாதத்துப் பழக்கத்தில் உரிமையோடு. நாலாவது சுற்றில் மேல்கோட்டைக்காரன் ஆவேசத்தில் திருப்பத்திலும் மிதித்துவிட்டான். ராவாத இடது பெடல் தரையில் குத்தி, அவனைத் தூக்கி உமி மூட்டையில் உட்காரவைத்தது. முழங்கை கிழிந்தது. எழுந்து, "போங்கோ, போங்கோ" என்று கையை ஆட்டினான். நாங்கள் ஏற்கெனவே போய்விட்டோம்.

ஏழாவது சுற்றிலோ எட்டாவதிலோ நான் ஒன்றைக் கவனித்தேன். அந்தத் தெருக்கள் நேர்ச் சதுரம் இல்லை. ஒரு மூலை உள்ளே மடங்கியிருந்தது. அதனால் ஒரு சுற்றில் ஐந்து இடது திருப்பம், ஒரே ஒரு வலது திருப்பம். அந்த வலது திருப்பம் வந்ததும் எல்லாரும் பிரேக் பிடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பிடிக்கவில்லை. பழக்கதோஷத்தில் சைக்கிளைப் படுக்கப் போட்டு, மிதித்துக்கொண்டே போனோம். ஐந்து திருப்பத்தில் விட்ட தூரத்தை அந்த ஒரு திருப்பத்தில் எடுத்துவிட்டோம்.

பக்கத்தில் வந்தபோது கத்தினேன். "கடைசி ரவுண்டு. அந்த ரைட்டுல."

"பாத்தனுங்க" என்றான்.

வலது திருப்பம் தாண்டினால் கொஞ்ச தூரம், அப்புறம் பேக்கரி முனை, அது இடது. அதைத் தாண்டினால் நேரே முடிவுக் கோடு. இருபதாவது சுற்றுக்குள் பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர் கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் போய்விட்டார்கள். மற்றவர்கள் சிதறினார்கள். மூன்றாவது இடத்துக்கு ஏழு பேர் ஒட்டிக்கொண்டு போனோம். ஐந்து பேருக்கு அது ஒரு மெடல். ஒருத்தனுக்கு, ஊருக்குப் போய் இலை போடாமல் இருப்பது. நான் அவனுக்கு முன்னால் இருந்தேன்.

ஏற்பாடு இதுதான். கடைசிச் சுற்றில் வலது திருப்பத்துக்குள் நான் அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் ஒதுங்க வேண்டும். அவன் தாண்டிப் போய் மூன்றாவது வருவான்.

மணி அடித்தது. கடைசிச் சுற்று. வலது திருப்பத்துக்குள் நுழைந்தபோது மூன்று மாதத்து ஐந்தரை மணிகள் அத்தனையும் ஒன்றாக வந்தன. மற்ற ஐந்து பேரும் பின்னால் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும். எங்களுக்கு முன்னால் பேக்கரி முனை, எங்களுக்குப் பொருந்தாத வேகத்தில்.

கொள்ளேகால்காரன் புத்திசாலி, பிரேக் பிடித்தான். நான் ஒதுங்க வேண்டிய ஆள், ஒதுங்க இடமில்லை. இந்த வேகத்தில் இடது பக்கம் திரும்ப என்னால் ஆகாது என்று உடம்பு முழுசுக்கும் தெரிந்தது. பேக்கரியின் முன்னால் சிமெண்ட் போட்ட முற்றம், முனையின் உள்பக்கமாக, மூங்கில் கட்டாமல், இரண்டு தெருவுக்கும் திறந்தபடி இருந்தது. சாக்கடை மேல் ஒரு கல்பலகை. முனைக்கு முன்பே, குறுக்காக அதில் ஏறினேன். நின்று டீ குடிக்கிற மேஜை ஒன்று. ஒருத்தர் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். தரையில் இறக்கி வைத்திருந்த ஒரு தட்டின் மேல் சக்கரம் ஏறி, மெத்தென்று ஏதோ. அந்தப் பக்கத்துக் கல்பலகை. மறுபடியும் ரோடு.

முடிவுக் கோடு எதிரில். எனக்கு முன்னால் யாரும் இல்லை.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த வேண்டாம், மிதிக்காமல் இருந்தால் போதும். அந்த நினைப்பு தலையில் இருந்தது, காலுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று வருஷமாகப் பந்தயம் ஓட்டுகிறேன். எனக்கு முன்னால் காலி ரோட்டை அன்றுதான் பார்த்தேன். குனிந்து மிதித்தேன். கோட்டைத் தாண்டினேன். யாரோ மூன்றாவது, மூன்றாவது என்று கத்தினார்கள். கையைத் தூக்கினேன் என்று அக்கா சொல்கிறாள். தூக்கியிருப்பேன்.

கொள்ளேகால்காரன் ஒரு சைக்கிள் தூரம் பின்னால் நாலாவதாக வந்தான்.

என் பக்கத்தில் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே தோளில் தட்டினான். "நல்லா ஓட்டுனீங்க" என்றான். என்னை அவன் அதுவரை நீங்க என்று சொன்னதில்லை. 'ங்க' வேறு, 'நீங்க' வேறு. அப்புறம் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

அக்கா வந்தாள். ஒரு கையில் பாதி தின்ற காரா பன்.

"பேக்கரிக்குள்ள என்ன விசேஷம்?" என்றாள்.

"யாராவது பாத்தாங்களா?"

"திருப்பத்துல காவலுக்கு நின்ன பையன் தன்னோட சைக்கிளைப் பாத்துட்டிருந்தான். நான் பாத்தேன். டீ குடிச்சவர் பாத்தார். பேக்கரிக்காரர் தட்டைப் பாத்துட்டிருக்கார்."

"நீ என்ன சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லலை. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

மேல்கோட்டைக்காரன் கைக்குட்டை கட்டின முழங்கையோடு வந்து யோசனை சொன்னான். சர்டிபிகேட்டை என் பெயரில் எழுதுவதற்கு முன்னால் கொள்ளேகால்காரன் பெயரில் எழுதச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது. "எல்லாம் மஞ்சள் பனியன்தானே குரு."

மேஜையில் ஒரு கிளார்க் முடிவுத் தாளை டைப் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரியில் என் பெயரை நான் தலைகீழாகப் படித்தேன். மெடல்கள் ஒரு தட்டில் மல்லிகைப்பூவோடு இருந்தன. எனக்கு அந்த மெடல் எதற்குமே உபயோகம் இல்லை. வேலைக்கு மனு இல்லை, புழுவும் இல்லை. ஆனாலும் வேண்டியிருந்தது. வரிசையில் போய் நின்றேன். ஐந்து நிமிஷம் நின்றேன். அந்த ஐந்து நிமிஷமும் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. இரண்டாவது வந்த பெங்களூர்க்காரர் கைகொடுத்து, "அந்தக் கடைசி லெப்ட் எப்படி எடுத்தே? திரும்பிப் பாத்தப்போ பின்னாடி யாரும் இல்லை, அடுத்து பாத்தா நீ நிக்கறே" என்றார்.

வரிசையை விட்டு வெளியே வந்து, பி.டி. மாஸ்டரிடம் போனேன்.

"சார், என்னை டிஸ்குவாலிஃபை பண்ணணும்."

"யாரை?"

"என்னைத்தான். கடைசி முனையில ரோட்டை விட்டுப் போயிட்டேன். பேக்கரி வழியா வந்தேன்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரும் கம்ப்ளெய்ண்ட் கொடுக்கலையே."

"நான் கொடுக்கறேன்."

"உன்மேல நீயே கொடுக்க ரூல் இல்லைப்பா. மேனேஜர் எழுத்துல கொடுக்கணும். சாட்சி வேணும். அரை மணியில பரிசு கொடுத்துடுவோம்."

அக்கா அதற்குள் கைப்பையிலிருந்து காகிதம் எடுத்துவிட்டாள். கிளார்க்கை எழுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் டைப் அடித்து நான் பார்த்ததில்லை. எங்கள் அணியைச் சேர்ந்த, ஒழுங்கில்லாத, சொன்ன பேச்சுக் கேட்காத உறுப்பினர், தமக்கு இடது பக்கம் திரும்பத் தெரியாத காரணத்தால், வழியை விட்டு விலகிப் பேக்கரிக்குள் நுழைந்து, அதன் மூலம் முறையில்லாமல் மூன்றாவது இடத்தைப் பெற்றார் என்று கன்னடத்தில் ஒரு பக்கம்.

"ஒழுங்கில்லாத வேண்டாமே" என்றேன்.

"அடிச்சாச்சு" என்றாள்.

சாட்சிக்கு மேல்கோட்டைக்காரன் ஓடினான். அது ஐயங்கார் பேக்கரி. பத்து நிமிஷம் ஆயிற்று, ஆளைக் காணோம். நான் ஓடிப் போய்ப் பார்த்தால், அவனும் பேக்கரிக்காரரும் கல்லாவுக்கு இரண்டு பக்கமும் நின்று, யாருடைய மாமா யாருடைய தம்பிக்கு என்ன உறவு என்று அந்தப் பெரியப்பா தமிழில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பேக்கரிக்காரர், "இவனா?" என்றார். உள்ளே போய், தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுட்ட ஒரு தில்பசந்த் எடுத்துவந்தார். நடுவில் டயரின் கோடுகள் அச்சடித்த மாதிரி விழுந்திருந்தன. அதைக் காகிதத்தில் வைத்துப் பி.டி. மாஸ்டரின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். மாஸ்டர் என் முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து, தில்பசந்தைப் பார்த்து, தலையை ஆட்டினார். டயரின் இடுக்கில் சர்க்கரை போட்ட தேங்காய்த் துருவல் இருந்தது.

முடிவுத் தாளில் என் பெயரைப் பேனாவால் அடித்து, மேலே கொள்ளேகால்காரன் பெயரை எழுதினார். பக்கத்தில் ஒரு சீல்.

கொள்ளேகால்காரன் சம்மதிக்கவில்லை. முகத்தில் இன்னும் தண்ணீர் சொட்டியது. "வேண்டாமுங்க. நானு நாலாவது வந்தவன். விட்டுக்கொடுத்து வாங்கற மூணாவது எதுக்கு?"

"யாரும் விட்டுக்கொடுக்கலைடா. நான் பேக்கரி வழியா வந்தேன்."

"சும்மா சொல்றீங்க."

"மேஜையில தில்பசந்த் இருக்கு, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தான். குனிந்து ரொம்பக் கிட்டத்தில் பார்த்தான். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"அப்ப நீ அந்த லெப்ட்ல திரும்பவே இல்லியா?"

"இல்லை."

"நான் தலையைக் குனிஞ்சுட்டு பிரேக் புடிச்சனுங்க, நிமிர்ந்தா நீ முன்னாடி போயிட்டிருக்கே. மூணு மாசம் ஒண்ணாச் சுத்துனோம், இவனுக்கு மட்டும் லெப்ட் எப்படி வந்துச்சுன்னு அதேதான் யோசனை. வீட்டுல தனியாப் பழகியிருப்பான், நம்மகிட்டச் சொல்லலை, அப்படின்னு..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி, குடுங்க. வாங்கிக்கறேன்."

மறுபடியும் 'நீ' ஆகிவிட்டேன். வாங்கிக்கொண்டான். மெடல் கழுத்தில், மல்லிகை காதில், சான்றிதழ் நெஞ்சோடு. மேல்கோட்டைக்காரன் தில்பசந்தைத் தின்றுவிட்டான். ஆதாரத்தை அழிக்கக் கூடாது என்று பி.டி. மாஸ்டர் சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

மனுவோடு முடிவுத் தாளின் நகலையும் வைக்க வேண்டும். நகல் எடுத்து வந்த பிறகுதான் அக்கா பார்த்தாள். டைப் அடித்த ஒரு பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது, மேலே பேனாவில் மனுதாரரின் பெயர், பக்கத்தில் சீல் வெறும் கறையாக. "இதைப் பாத்தா எந்த ஆபீசுலயும் இவனே திருத்தினான்னுதான் நினைப்பாங்க" என்றாள். திருத்தத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். காரணம் அவள் அடித்த புகார்தான். அதிலும் ஒரு நகல் எடுத்து, கெஜடட் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, மனுவோடு குத்தி அனுப்பினோம்.

ஏழு மாதம் கழித்து அவனை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாராம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம்.

"இந்த பேக்கரி சமாச்சாரம் என்ன?"

கொள்ளேகால்காரன் பிள்ளையாரிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். பெடல், அரம், மரை எல்லாவற்றையும் சொல்லி, தில்பசந்தில் முடிக்க இருபது நிமிஷம் ஆனதாம். வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டு, இவன் உள்ளே ஆள் வைத்திருக்கிறான் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். வேறு கேள்வியே கேட்கவில்லை. குண்டலுபேட்டையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தக் கோப்பு இன்னும் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். சர்க்காரில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். அதில் என் பெயரும், ஒழுங்கில்லாதவன் என்று அக்கா டைப் அடித்ததும், கீழே ஒரு கெஜடட் அதிகாரி அது உண்மை நகல் என்று போட்ட கையெழுத்தும் பத்திரமாக இருக்கின்றன.